ஆம் என்று எழுதியவள்

ஐந்து மாதமாக மனைவியிடம் வாய் திறக்காத மனிதர் அன்று காலை பேசினார். பேசியது இரண்டே வார்த்தை.

"சாவியைக் குடு!"

வேன் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். தெருவுக்கே அவர் வேன்காரர்தான். லைசென்ஸ் போன பிறகு வேனை அவருடைய தம்பி ஓட்டினான். அந்தத் தம்பி விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, வீங்கிய காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பதினான்கு பிள்ளைகள் அவரவர் வாசலில் பையோடு காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு நாள்தானே அண்ணி… அண்ணன் கண்ணை மூடிட்டு ஓட்டுவாரு!"

"லைசென்ஸ் இல்லாம எடுக்கக் கூடாது தம்பி."

"இல்லாம பண்ணினது யாரு?" சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் பாய்ந்தது. "கட்டினவன் பொழப்பையே கெடுத்துட்டு, இப்ப சட்டம் பேச வந்துட்டா!"

அந்த வீட்டில் எந்த விண்ணப்பமானாலும் அவள்தான் நிரப்புவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் நீட்டுகிற இடத்தில் அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். லைசென்ஸைப் புதுப்பிக்கும் தாளையும் அப்படித்தான் நீட்டினாள். உடல்நிலைப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. வலிப்பு, திடீர் மயக்கம் வந்ததுண்டா?

அந்த மாதம்தான் இரண்டு முறை, விடியும் நேரத்தில், அவர் உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்திருந்தது. வாயில் நுரை. கண் விழித்தவருக்கு எதுவும் நினைவில்லை. "ஏதோ கனவு… நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். அதற்கும் சிரித்தார். இல்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதினான்கு குழந்தைகளின் முகங்களும் தாளில் வந்து நின்றன. 'ஆம்' என்று எழுதினாள்.

ஆர்.டி.ஓ. அலுவலகம் லைசென்ஸை நிறுத்திவைத்தது. டாக்டர் பரிசோதிக்க வேண்டும், ஒரு வருடம் வலிப்பே வரவில்லை என்று சான்று தர வேண்டும், அதன்பிறகுதான் மறுபடி கேட்கலாம் என்றது.

"நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்!" அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. டாக்டரிடமும் போகவில்லை. தூக்கத்தில் உடம்பு உதறியதை வலிப்பு என்று எழுதிவிட்டாள் பாவி என்று வீடே அவளைக் கரித்துக்கொட்டியது. அவளோ லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்து, நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டு, வீங்கின காலோடு வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். நல்ல கூலி கிடைத்தது அந்த உண்மைக்கு!

"தள்ளு!" வேன்காரர் அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தார்.

"என்னங்க… நேத்து விடியக்காலையும் வந்துச்சுங்க! ஓட்டறப்ப வந்து… பிள்ளைங்க வண்டியில இருந்தா என்னங்க ஆகும்?"

"பொய்! எங்கம்மா மேல சத்தியமா எனக்கு ஒண்ணுமில்ல!"

"என் மேல சத்தியம் பண்ணாதேடா!"

மாமியார் கூடத்துக்கு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"உனக்கு எட்டு வயசுல வந்துச்சுடா… மூணு தடவை. அப்புறம் நின்னுடுச்சு. வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்னு மறைச்சுட்டேன். இவ 'ஆம்'னு எழுதினாள்னு கேட்டப்பவே… இவ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்."

அவள் மாமியாரையே பார்த்தாள். கல்யாணத்தில் மறைத்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"அஞ்சு மாசம் அத்தை… ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமியார் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேன்காரரின் பிடி தளர்ந்தது. "எத்தனை தடவை வந்துச்சு?"

"ஏழு."

"நீ… தனியா என்ன பண்ணினே?"

"ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அடங்கற வரைக்கும் பக்கத்துல இருப்பேன். வாயைத் துடைச்சுட்டு, தலையணை உறையை மாத்திட்டு வேலைக்குப் போயிடுவேன்."

"நான் பேசாம இருந்தப்பவுமா?"

"அப்பவும்தான்…"

போன் அடித்தது. முதல் பிள்ளையின் அம்மா. அவர் எடுத்தார்.

"இன்னிக்கு வேன் வராதும்மா… இல்லம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்… எனக்கு வலிப்பு இருக்கும்மா. நான் ஓட்டக் கூடாது."

அடுத்த வீட்டுக்கு அவரே போட்டார். நாலாவது வீட்டில் குரல் உடைந்தது. அவள் போனுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. பதினான்கு வீட்டுக்கும் அவர் வாயாலேயே சொல்லி முடித்தார்.

பிறகு, தம்பி பார்க்கிறான், அம்மா பார்க்கிறாள் என்றுகூட இல்லாமல், அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இன்னிக்கு லாண்டரிக்கு லீவு சொல்லிடு. டாக்டர் கேட்டா எனக்கென்ன தெரியும்? என்னைப் பார்த்தவ நீதானே… கூட வா."

ஐந்து மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.