சுவரை விட்டுத் தள்ளி ஒரு பிணம்

ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜெபசீலன் செத்துக் கிடந்தான்!

மல்லாந்து... கண்கள் திறந்து...

ஊரப்பாக்கத்தில் பாதி கட்டி நின்ற மூன்று மாடி வீட்டின் பின்புறம். மொட்டை மாடிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் எழும்பவில்லை.

"கொலைகாரி!"

ஜெபசீலனின் தம்பி ஸ்டெபின் கத்தினான்.

"இவதான் மேடம்! எங்க அண்ணன புடிச்சுத் தள்ளிட்டா!"

செத்தவனின் மனைவி கெசியா மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். அழவில்லை. அழுகை வரவில்லையே என்ற பயம் மட்டும் வந்தது.

இன்ஸ்பெக்டர் அனுப்பிரியா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"கால் தவறி விழுந்துட்டார்."

"பொய்!" என்றான் ஸ்டெபின்.

"நீ சும்மா இருப்பா... டீச்சர், கால் தவறினவர் எங்க விழுவார்?"

கெசியா நிமிர்ந்து பார்த்தாள். சுவருக்கும் பிணத்துக்கும் நடுவே ஒரு காரைத் தாராளமாக நிறுத்தலாம்.

அவள் சொல்லிக் கொடுக்கும் பாடமே அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

"சுவரோரமா..." என்றாள் மெல்ல.

"ஏன்?"

"எப்படி விழுந்தாலும் கீழ வந்து சேர்ற நேரம் ஒண்ணுதான் மேடம். ஆனா தள்ளிப் போய் விழணும்னா... விளிம்பை விடும்போதே முன்பக்கமா வேகம் இருக்கணும்."

"கேட்டீங்களா! தள்ளுனாதானே வேகம் வரும்? அவளே ஒத்துக்கிட்டா! உள்ள தள்ளுங்க மேடம்!"

"மாடிக்கு வா. காட்டுறேன். டீச்சர், நீங்களும் வாங்க."

மாடியில் ஒரு சிமென்ட் மூட்டையை விளிம்பில் நிமிர்த்தி வைத்தார்கள். பிணம் இல்லாத பக்கம். கான்ஸ்டபிள் பாலு கீழே நின்றவர்களை விரட்டினார்.

"தள்ளு ஸ்டெபின். ஜிம்முக்குப் போற உடம்புதானே?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான்.

தொம்!

"செவுத்தாண்டயே கீது மேடம்!" பாலுவின் குரல் மேலே வந்தது. "பாடி கெடக்குற தூரத்துல பாதி கூட போவல!"

ஸ்டெபின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"உங்கண்ணன் இந்த மூட்டையை விட கனம். உங்கண்ணி உன்னில் பாதி. அவங்க தள்ளியிருந்தா அங்க போய் விழ வாய்ப்பே இல்ல. அவர் ஓடி வந்திருக்கார்." அனுப்பிரியா திரும்பினாள். "எதுக்கு ஓடி வந்தார் டீச்சர்? இன்னொரு பொய் வந்தது... நேரா ஸ்டேஷன்தான்."

கெசியா விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"என்னைத் தள்ள."

"உங்களையா? ஏன்?"

"இந்த இடம் எங்கப்பா குடுத்தது. என் வீட்டுக்காரர் பேருக்கு மாத்த மாட்டேன்னுட்டேன். இங்கேருந்து ஏரி தெரியும், வந்து பாருன்னார். பார்த்துட்டு நின்னேன். பின்னாடி ஜல்லி நொறுங்குற சத்தம்... திரும்பினா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடி வர்றார். விலகினேன். அவரால நிக்க முடியல."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

கெசியா யோசித்தாள். கன்னம் வீங்கிய நாட்களில் 'கதவு இடிச்சிடுச்சு' என்று சபைப் பெண்களிடம் சொன்ன அதே வாய். அவன் செத்த பிறகும் அவனை நல்லவனாகவே காட்டப் பார்த்திருக்கிறது!

"பழக்கம் மேடம்" என்றாள்.

கையை நீட்டிப் பிடித்திருக்கலாமோ? அந்தக் கேள்வியை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"கட்டுக்கதை!" ஸ்டெபின் பாய்ந்தான். "செத்தவன் மேலயே பழியா? சாட்சி இருக்கா?"

"இருக்கே. நீதான்."

"நானா? நான் வாசல்ல கார்லதானே இருந்தேன்!"

"ஆமா. அங்கேருந்துதான் போலீஸுக்கு போன் பண்ணியிருக்கே."

அனுப்பிரியா செல்போனை எடுத்துத் தட்டினாள். கன்ட்ரோல் ரூம் பதிவு. ஸ்டெபினின் குரல் பதறியது...

"சார்! எங்க அண்ணி மாடியிலேருந்து விழுந்துட்டாங்க! செத்துட்டாங்க சார்!"

கெசியா ஸ்டெபின் பக்கம் திரும்பினாள்.

"பின்பக்கம் தொம்முனு சத்தம் கேட்டதும் எட்டிக்கூடப் பார்க்காம போன் போட்டிருக்கே. யார் விழப்போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியும்!"

ஸ்டெபின் ஓரடி பின்வாங்கினான்.

"அ... அது... பதட்டத்துல வாய் தவறி வந்துடுச்சு மேடம்..."

"உன் வாய் சரியாத்தான் சொல்லியிருக்கு ராஜா" என்றாள் அனுப்பிரியா, விலங்கை எடுத்தபடி. "உங்கண்ணன்தான் ஆள் மாறி விழுந்துட்டான்!"