மண்டிச் சந்துல எட்டு ஓடு

மாதேஸண்ணா, நான் மல்லையன். நான் சொல்லச் சொல்ல எங்க மண்டியில கடுதாசி எழுதற சவுரியப்பன் எழுதிக்கிட்டு வராரு. முடிச்சதும் நம்ம அடிவாரத்துக் குள்ளன் கையில குடுத்து மலைக்கு அனுப்பறேன். தர்மபுரியில எலி செத்து விழுந்துருச்சு, பிளேக் வந்துருச்சு, கீழேருந்து ஒருத்தரும் மலையேறக் கூடாதுன்னு நீங்கல்லாம் கூடிப் பேசிட்டீங்களாம். சரிங்கண்ணா. நான் வரல. முனியாயியும் வரல. எங்க பாப்பாவ மட்டும் அடிவாரத்துல வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. அதுக்குக் காய்ச்சல் இருக்குது, மறைக்கல. கக்கத்துல, தொடையிடுக்குல பாத்துட்டேன், நெறி கட்டல. இது பிளேக் இல்லண்ணா. என்னன்னு சொல்றேன், கேளுங்க.

மாசி மாசம் புளி வேலைக்கு வந்தேன்ல. சந்தைக்குப் பின்னால மண்டிச் சந்துல வூடு கெடச்சுச்சு. ஒரு வண்டி நொழஞ்சா எதுக்க வர்ற ஆளு செவுத்தோட ஒட்டிக்கணும். ஒரு வூட்டுச் செவுருதான் அடுத்த வூட்டுக்கும் செவுரு. இங்க இருமுனா அங்க தண்ணி மோந்து குடுப்பாங்க. தமிழு, தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே கெணத்தடியில சண்டை போடும். பொம்பளைங்க வாசல்ல வரிசையா ஒக்காந்து புளி தட்டுவாங்க. பொழுதுக்கும் டொக்கு டொக்குன்னு அந்தச் சத்தந்தான். பக்கத்து வூட்டு ரங்கம்மாள், நான் புளியத் தின்னுட்டுக் கொட்டையத்தான் மூட்ட கட்டறேன்னு கேலி பண்ணும். நல்ல சனங்கன்னு நெனச்சேன்.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம். எலி விழுந்தா அத்தன பேரும் வூட்டப் பூட்டிட்டு ஊருக்கு வெளிய கொட்டகை போட்டுத் தங்குவாங்க. போறப்ப கூரையில நாலு ஓட்டப் பிரிச்சு வெப்பாங்க. உள்ள வெயில் விழுந்தா நோய் சாகுமாம். திரும்பி வந்து ஓட்ட மூடிக்குவாங்க. எனக்குக் குடுத்த வூட்டுல அடுப்பங்கரைக்கு மேல எட்டு ஓடு இல்ல. மூட மறந்துட்டாங்கன்னு நெனச்சு நானே ஏறி மூடுனேன்.

மறுநா மத்தியானம் வந்தா, எட்டு ஓடும் வூட்டுக்குள்ள, தரையில, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்துச்சு. கதவு நான் பூட்டுன மாதிரியே இருந்துச்சு.

மூணு தடவ மூடுனேன். மூணு தடவயும் அப்படித்தான். கொரங்கு வேலையான்னு ரங்கம்மாளக் கேட்டேன். அது சிரிக்கல. "தொறந்தே கெடக்கட்டும் வுடு, மல்லையா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.

வைகாசி மழை வந்துச்சு. முனியாயியும் பாப்பாவும் வர்ற நேரம். கைக்கொழந்த நனையுமேன்னு மண்ணெண்ண டின்னத் தகரமாத் தட்டி, அந்த ஓட்டைய மூடிச் சட்டத்துல வெச்சு ஆணியடிச்சுட்டேன். அதான் நான் பண்ணுன தப்பு.

அவங்க வந்த மூணாம் நாளு. நல்ல வெயிலு. முனியாயி பாப்பாவத் தூளியில தூங்க வெச்சுட்டு, நாய் நொழஞ்சுரும்னு கதவச் சாத்தி, வெளிய சங்கிலி மாட்டிட்டுத் தண்ணிக்குப் போயிருக்கறா.

திரும்பி வந்தப்ப சங்கிலி மாட்டுனபடியே இருந்துச்சு.

தூளி ஆடிக்கிட்டு இருந்துச்சு.

பாப்பா இல்ல.

சேதி கேட்டு மண்டியிலேருந்து ஓடுனேன். சந்துல அத்தன பேரும் நின்னாங்க. ஒருத்தரும் புளி தட்டல. வூட்டுக்குள்ள செத்த எலி நாத்தம். மேல பாத்தேன். ஆணி ஒண்ணும் புடுங்கல. ஆனா தகரத்துல, உள்பக்கமா, நகத்தால பிராண்டுன கோடு. கோடு பூரா ஈர ரத்தம்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் பாப்பா சிரிக்கற சத்தம்.

செவுத்துல ஏறி எடுத்தேன். ஒரு கீறல் இல்ல. அன்னிக்கு மாலைக்குள்ள ஒடம்பு அனலாயிருச்சு.

அப்பறந்தான் ரங்கம்மாள் எங்காதுகிட்ட சொல்லுச்சு. ஏழு வருசத்துக்கு முன்னால எலி விழுந்தப்ப, அந்த வூட்டுல செல்லின்னு ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். சர்க்கார் ஆளுக்குத் தெரிஞ்சா சந்துல இருக்கற அத்தன பேரையும் தனிக் கொட்டகையில அடைச்சுருவாங்கன்னு பயம். அவள உள்ள வெச்சு வெளிய சங்கிலி மாட்டிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்தப்ப கூரையில எட்டு ஓடு இல்ல. ஓட்டையில ஒரு கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சாம்.

சங்கிலி மாட்டுனது யாருன்னு கேட்டேன். "எல்லாருந்தாம்பா"ன்னு சொல்லுச்சு.

இத எழுத வேணாங்கறாரு சவுரியப்பன். அவருக்கும் அதே சந்துதான். எழுதுங்கன்னு சொல்லிட்டேன்.

முந்தாநேத்து மறுபடி எலி விழுந்துச்சு. எல்லாரும் சட்டி பானையக் கட்டுனாங்க. காய்ச்சக் கொழந்தையோட கொட்டகைக்கு வராதீங்க, வூட்டுலயே இருங்க, வாசல்ல சோறு வெச்சுட்டுப் போறோம்னாங்க. ரங்கம்மாள் மட்டும் அழுதுச்சு. "செல்லிகிட்டயும் இதத்தான் சொன்னோம், ஓடிரு"ன்னு சொல்லுச்சு.

ஓடியாந்துட்டோம். ரோட்டோரம் உழுது போட்ட ஒரு கொல்லையில ஒக்காந்திருக்கறோம். இந்தக் கடுதாசி எழுதத்தான் சவுரியப்பனும் இங்க வந்து ஒக்காந்திருக்காரு. எங்களக் கொட்டகையிலயும் விடல, மலையிலயும் விடல. நீங்களும் கதவச் சாத்துனா நாங்க எங்கண்ணா போவோம்? பட்டப்பகலு, சுத்தி ஒரு மரங்கூட இல்ல. இங்க ஒண்ணும் இருக்காதுன்னுதான் நெனச்சேன்.

பாப்பா துணியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு ரெண்டு கையையும் மேல நீட்டுது. தூக்கிக்கச் சொல்லி ஆத்தாகிட்ட நீட்டுமே, அந்த மாதிரி. முனியாயி எம் பக்கத்துலதான் இருக்கறா. அவ கையி எங் கைக்குள்ள இருக்குது.

சவுரியப்பண்ணா, எழுதுங்க. நிறுத்தாதீங்க.

பாப்பா முதுகு துணியில படல.