ஏழாவது கட்டம்

ஏழாவது கட்டத்தின் கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது. பெயின்டர் அதைப் போடவில்லை.

காட்டை வெட்டி இந்த ஊரை உண்டாக்கிய ஆறு அண்ணன் தம்பிகளின் வம்சத்தை ஊர் மண்டபச் சுவரில் பத்து நாளாக எழுதிக்கொண்டிருந்தார். செத்தவர் பெயர் கறுப்பில், இருப்பவர் பெயர் பச்சையில். அது ஊர்த் தலைவரின் கண்டிப்பான உத்தரவு. தூண்களோ சுவரை ஏழாகப் பிரித்திருந்தன. கடைசிப் பகுதி மொட்டையாக நின்றது கண்ணை உறுத்தியது. நேற்று அங்கேயும் ஒரு கட்டம் போட்டு, சட்டென்று ஞாபகத்துக்கு வந்த தன் தாத்தாவின் பெயரையே எழுதிவிட்டார். தாத்தா வேற்றூர்க்காரர். யாருக்குத் தெரியப்போகிறது?

"ஏழு பேரு! ஆமா, எங்கப்பாகூட சொல்லுவாரு," என்றார் தலைவர் காலையில் வந்து. எதற்கும் தலையாட்டுகிற மனுஷன். பெயின்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

இப்போது சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முளைத்திருந்த அந்தக் கோட்டைத் தொட்டார். விரலில் ஈரம். கோட்டின் முடிவில் கறுப்பில், செத்துப்போன அப்பாவின் பெயர், பெயின்டரின் கையெழுத்திலேயே.

வாசலுக்கு ஓடினார். "உள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையேண்ணே," என்றார் காவலாளி. "நீங்க எழுதுற சத்தம்தான் கேட்டுச்சு. சாப்பிடக்கூடப் போகலையான்னு நெனச்சேன்."

அவருக்கு உள்ளே போக மனமில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. திரும்பி வந்தபோது, சுண்ணாம்பு வாசனையும் பெயின்ட் நெடியும் மண்டிக் கிடந்த அந்த வெறும் மண்டபத்தில், காய்ந்த சுவரில் பிரஷ் இழுபடுகிற சரசரப்பு மட்டும் நிதானமாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிரஷ்கள் டப்பாவில் இருந்தன. எல்லாம்.

அப்பாவின் கீழே அவர் பெயர். பச்சை.

அதன் கீழே இன்னொரு கோடு. மகளின் பெயர்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்தவள். ஒரே பிள்ளை. அவள் பெயரும் பச்சைதான் என்று மூச்சு விட்டார். அதற்குள் முதல் எழுத்தின் அடி கறுக்கத் தொடங்கியது.

"வேண்டாம், வேண்டாம்."

டர்பன்டைனைத் துணியில் கொட்டினார். தேய்த்தார். இரண்டாவது எழுத்தும் கறுத்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். கை எரிந்தது. விடவில்லை. எழுத்துகள் குழைந்தன, கலங்கின, போயின. வெறும் சுவர்.

தப்பித்தாள். அழுகை வந்துவிட்டது அவருக்கு.

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வண்டியை விரட்டினார். வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. கூடத்தில் மகள் கால் நீட்டி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவள் அம்மா, அவளுக்குத் தலை வாரிக்கொண்டு. மகளைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"ஏங்க, இவள என்னன்னு கேளுங்க," என்றாள் மனைவி, சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு மணி நேரமா வாயே தொறக்க மாட்டேங்கிறா. என்ன கோவமோ!"

டர்பன்டைன் நெடி. அவர் கையிலிருந்து அல்ல.

காலடிச் சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். நெற்றியிலிருந்து தாடை வரை, அழுத்தித் துடைத்த ஈரத் தடம். கண் இல்லை. வாய் இல்லை. கன்னத்தோரம் மட்டும் கொஞ்சம் பச்சை.

"ஆடாம உக்காருடி," என்று மனைவி பின்னலைப் பிடித்து இழுத்தாள்.