மரை ஒன்று, துளை வேறு

புதன்கிழமை காலை 8.05. கண்ணாடி அலமாரியில், துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்க முனையில் மாட்டும் சைலன்சர்கள் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

கிளைட் ரெம்பெல் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். மான்டானாவின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கடையும், அதன் பின்னால் இருந்த சுட்டுப் பழகும் கூடமும் அவருடையவை. எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் மூன்று நாள். கவுண்டரில் தோட்டா வாங்க ஆறு பேர் நின்றிருந்தார்கள். அந்த ஆறு பேரின் காதுபடத்தான் அவர் பேசினார்.

“வெர்னா, எடுத்ததைத் திருப்பி வச்சிடு. திருட்டுக்கு இது இடமில்ல.”

வெர்னா ஹோக்ஸ்டாட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வயது அறுபத்தொன்று. பதினோரு வருஷமாகச் சுடும் கூடத்தைப் பெருக்கி, காலித் தோட்டாக் கூடுகளை வகை பிரித்து வாளியில் போடுகிறவள். மாலையில் பள்ளிக்கூடப் பேருந்துகளையும் கழுவுவாள். திருடி என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் இரண்டு வேலையும் போகும். அந்த வட்டாரத்தில் மூன்றாவது வேலையை யாரும் கொடுக்கமாட்டார்கள்.

கிளைட் அவளை அலுவலகத்துக்குள் அழைத்துக் கணக்கை அடுக்கினார். காணாமல் போனது மூன்றில் சின்னது. வாங்க வருகிறவர்கள் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கும் மாதிரிகளில் ஒன்று. நேற்று மாலை 5.40க்கு அவருடைய அக்கா மகன் ட்ராவிஸ் அதை எடுத்திருக்கிறான். சுடும் கூடத்தின் இரண்டாம் தடம், .223 அளவு ரைஃபிள், பத்துத் தோட்டா, 6.10க்கு நல்ல நிலையில் அலமாரியில் வைக்கப்பட்டது என்று பதிவேட்டில் அவன் கையால் எழுதியிருக்கிறது. 6.30க்கு மாமனும் மருமகனும் சேர்ந்தே கடையைப் பூட்டினார்கள். காலை 5.30க்கு உள்ளே வந்தவள் வெர்னா மட்டும். அலமாரிச் சாவி அலுவலக ஆணியில் தொங்குகிறது.

ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றே போய்விட்டால் போலீஸ் வேண்டாம் என்றார். ஏதோ உபகாரம் செய்கிற குரல்.

“கையெழுத்து கிடையாது,” என்றாள் வெர்னா. “போலீசைக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிடலேன்னா நான் கூப்பிடுறேன்.”

வெளியே வந்து, தன் பையை அந்த ஆறு பேர் முன்னால் கவுண்டரில் கவிழ்த்தாள். ஒரு ஃப்ளாஸ்க், முட்டை சாண்ட்விச், மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி மாத்திரை, ஒற்றைக் காலுறை. அவ்வளவுதான். வேறு யாருக்காவது சந்தேகம் இருந்தால் கோட்டையும் உதறிக் காட்டுகிறேன் என்றாள்.

கோட்டு பின்கட்டில் மாட்டியிருந்தது. அதை எடுக்கப் போன இடத்தில் ஒரு நொடி நின்றாள். ஈயத் தூசியும் பழைய வடிகட்டிகளும் போடும் இரும்புப் பீப்பாய் அங்கேதான் இருந்தது. விஷக் கழிவு என்பதால் அவளைத் தவிர யாரும் கிட்டே வருவதில்லை. மூடியைச் சுற்றிய வளையத்தின் போல்ட்டை எப்போதும் சுவர்ப்பக்கம் பார்க்கத்தான் முடுக்குவாள். இல்லையென்றால் சட்டைக் கை மாட்டிக் கிழியும். இன்று போல்ட் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்குப் பீப்பாயை எடுத்துப் போக லாரி வரும்.

அவள் அதைத் தொடவில்லை. கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

8.40. வட்டாரப் போலீஸ் அதிகாரி, டெபுட்டி ஷெரிஃப் ஜானிஸ் கில்கிறிஸ்ட் வந்தாள். வெர்னா கேட்ட முதல் காரியம், விசாரணை கவுண்டரிலேயே நடக்க வேண்டும் என்பது. கிளைட் முகம் சுளித்தார். டெபுட்டி தோளைக் குலுக்கிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“காலையில என்ன செஞ்சீங்க?”

“பெருக்கினேன்.”

“அலமாரிப் பக்கம்?”

“போகல.”

“நிரூபிக்க முடியுமா?”

“முடியாது. ஆனா பெருக்கினதைக் காட்ட முடியும்.”

இதைக் கேட்டு, கவுண்டருக்குப் பின்னால் நின்ற ட்ராவிஸ் சிரித்தான். இருபத்தேழு வயது. வேட்டைக் காலம் முடிந்ததும் அவன்தான் மேனேஜர். பேர்ப் பலகைகூட எழுதி வந்துவிட்டது. ராணியம்மா குப்பையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

வெர்னா இரண்டாம் தடத்தில் அன்று காலை பெருக்கிய குப்பைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நேற்று மாலை நான்கு மணிக்குத் தரையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டாம் தடத்தில் சுட்டது ட்ராவிஸ் ஒருவன்தான். பதிவேடும் அதையே சொல்கிறது. பதிவேட்டில் .223 பத்து. தட்டில் இருந்தது ஒரே ஒரு கூடு. அதுவும் நீண்டு கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூடு இல்லை. குட்டையான, ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் கூடு.

ட்ராவிஸ் அசரவில்லை. தன் பத்துக் கூடுகளையும் மறுபடி நிரப்பிக்கொள்ளப் பொறுக்கிக்கொண்டானாம். அந்த ஒன்று எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கும். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படிப் பொறுக்குகிறவர்கள்தான். டெபுட்டி தலையசைத்தாள். கவுண்டரில் நின்றவர்களும் தலையசைத்தார்கள்.

“பொறுக்கியிருக்கலாம்,” என்றாள் வெர்னா. “குறி வச்சுச் சுட்ட தாள் எங்கே தம்பி?”

“குப்பையில போட்டேன்.”

“குப்பையும் என்கிட்டதான் வருது.”

கட்டிவைத்திருந்த பழைய காகிதங்களிலிருந்து மேல்தாளை உருவி விரித்தாள். பத்து ஓட்டை இல்லை, ஒன்றே ஒன்று. அதுவும் வட்டமாக இல்லை. விரல் நீளத்துக்குப் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. குண்டு நேராகப் போகாமல் படுத்துக்கொண்டே போயிருக்கிறது. டெபுட்டி தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ட்ராவிஸைப் பார்த்தாள்.

9.30. கதவைத் தள்ளிக்கொண்டு மாட்டுப்பண்ணைக்காரர் ஆர்லோ டாலிவர் உள்ளே வந்தார். நேற்று 4.30க்கு வந்து, தன்னிடமிருக்கும் நான்கு துப்பாக்கிகளுக்கும் சேர்த்து ஒரே சைலன்சர் வேண்டும் என்று கேட்டவர். எலிக்கு .22, கொயோட்டி நரிக்கு .223, எல்க்குக்கு .300 மேக்னம், வண்டியில் வைத்திருக்கும் ஒன்பது மில்லிமீட்டர். நாலுக்கும் நாலு வாங்கி நாலு தடவை அனுமதி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கட்சி. பெரிய சைலன்சரைக் கையில் தூக்கிப் பார்த்து, இதை மாட்டினால் துப்பாக்கி இல்லை, வேலிக்கம்பு என்று அலுத்துக்கொண்டார். அந்தச் சின்னது எல்லாவற்றுக்கும் ஆகாதா என்று கேட்டதும், நாளைக்குச் சொல்கிறேன் என்று ட்ராவிஸ் சொன்னதும், கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த வெர்னாவுக்குக் கேட்டிருந்தது.

இப்போது ஆர்லோ கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆகுமா ஆகாதா என்றார்.

“ஆகாது,” என்றாள் வெர்னா. “நேத்து உங்களுக்காக ஒருத்தர் சோதிச்சுட்டாரு.”

டெபுட்டி பேனாவை நிறுத்தினாள். கிளைட் வாயைத் திறந்தார். டெபுட்டி கையை உயர்த்தி அவரை அடக்கினாள்.

வெர்னா ட்ராவிஸைப் பார்க்காமல் ஆர்லோவிடமே சொன்னாள்.

“உங்க கொயோட்டி ரைஃபிள் முனையிலயும் அந்தக் கைத்துப்பாக்கி முனையிலயும் மரை ஒண்ணுதான். சின்ன சைலன்சர் ரெண்டுலயும் அழகாச் சுத்தி உக்காந்துக்கும். உக்காந்ததும் ட்ராவிஸ் தம்பி பொருந்திடுச்சுன்னு நினைச்சிட்டாரு. மரையைப் பார்த்தாரு, துளையைப் பார்க்கல. உள்ள இருக்கற வழி .223 குண்டுக்கு வெட்டினது. ஒன்பது மில்லிமீட்டர் அதைவிட ஒன்றரை மடங்கு தடிப்பு. முதல் தோட்டாவிலயே உள்தட்டெல்லாம் பிய்ஞ்சிருக்கும்.”

ஆர்லோ மெல்ல விசிலடித்தார்.

அதன்பின் அவள் சொன்னதை டெபுட்டி எழுதிக்கொண்டாள். ரைஃபிளை அவன் சுடவேயில்லை, சைலன்சர் கெட்டது தெரியாமலிருக்கத்தான் ‘நல்ல நிலையில்’ என்று பதிவு. காணாமல் போனால்தான் கெட்டது வெளியே வராது. காணாமல் போக ஒரு திருடி வேண்டும். காலையில் தனியாக வருகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

“கதை,” என்றான் ட்ராவிஸ். “சாமான் எங்கே? காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.”

“பின்கட்டுப் பீப்பாயில,” என்றாள் வெர்னா. “வளையத்தை நான் இப்படி முடுக்கறதில்ல. நான் தொடமாட்டேன். டெபுட்டியம்மா கையுறை போட்டுக்கிட்டுத் திறக்கட்டும்.”

9.50. டெபுட்டி போல்ட்டைக் கழற்றினாள். மேலே இரண்டு வடிகட்டிகள், அதன் கீழே கடைத் துண்டில் சுற்றிய பொட்டலம். பொட்டலத்துக்குள் அந்தச் சின்ன சைலன்சர்: முன்மூடி பறந்துபோய், வாய் கிழிந்து, உள்ளே தட்டுகள் பிறை பிறையாக நெளிந்துகிடந்தன. அடியிலிருந்த எண் பதிவேட்டு எண்ணோடு ஒத்துப்போனது. வெளியே லாரி பின்வாங்கி வரும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் அது மாநில எல்லையைத் தாண்டிப் புதைகுழிக்குப் போயிருக்கும்.

ட்ராவிஸ் மாமாவைப் பார்த்தான். பெரிய சைலன்சர் விலையும் அதிகம், கனமும் அதிகம், டாலிவர் கை நழுவிவிடக்கூடாது என்றுதான் பார்த்தேன் என்றான். மேனேஜர் ஆகப் போகிறவன் இதைப் போய்ச் சொன்னால் பலகையை இறக்கிவிடுவீர்களே என்றான். வெர்னா பக்கம் அவன் திரும்பவேயில்லை. டெபுட்டி அவன் முழங்கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனாள்.

ஆர்லோ தொண்டையைச் செருமினார். அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

“உங்க நாலுல எது தடிச்ச குண்டோ, அதுக்குத் துளை போதணும். எது உக்கிரமான தோட்டாவோ, அதை உடம்பு தாங்கணும். அந்த .22 அழுக்காக் கக்கும், அதனால கழட்டித் துடைக்கற மாதிரி இருக்கணும். மரை வேற வேறயா இருந்தா அடிவளையத்தை மாத்திக்கலாம்; துளையை மாத்த முடியாது. அந்தப் பெரிசுதான். தூக்கிப் பழகுங்க. மாட்டைத் தூக்கற ஆளுதானே நீங்க.”

ஆர்லோ வேலிக்கம்பையே தேர்ந்தெடுத்தார்.

கிளைட் வெர்னாவை மறுபடி அலுவலகத்துக்கு அழைத்தார். அவள் போகவில்லை. அவரே கவுண்டர் ஓரத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். தப்பு நடந்துபோச்சு, சம்பளத்தோடு ஒரு வாரம் ஓய்வெடு, நம்ம குடும்ப விஷயம் ஊருக்கெல்லாம் போக வேண்டாம் என்றார்.

“ஓய்வு வேண்டாம். ஆறு பேர் முன்னால திருடின்னு சொன்னீங்க. ஆறு பேர்கிட்டயும் இல்லேன்னு சொல்லுங்க. இப்பவே.”

“அவங்களே பார்த்துட்டாங்களே வெர்னா.”

“பார்த்தது அவங்க. சொன்னது நீங்க.”

கிளைட் கழுத்து சிவந்துபோய்க் கவுண்டருக்கு முன்னால் வந்தார். வெர்னா திருடவில்லை, நான் சொன்னது பொய் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். ஐந்து பேர் ஆயிற்று. ஆறாவது ஆள் முன்பே பணம் கட்டிவிட்டு வெளியே தன் டிரக்கில் போய் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் ஃபோனில் சொல்லிவிடுகிறேன் என்றார் கிளைட்.

வெர்னா போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். பனிக்காற்று உள்ளே வீசியது. ஐந்து பேரும் காலர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

கிளைட் கோட்டில்லாமல் வெளியே நடந்தார். டிரக்கின் கண்ணாடியைத் தட்டினார். அது பாதி இறங்கியது. அவர் குனிந்து ஏதோ சொன்னார். உள்ளே இருந்தவன் காதருகே கையைக் குவித்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை முழுதும் இறக்கினான்.

கிளைட் முதலிலிருந்து ஆரம்பித்தார்.