பிஜுவின் மணி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். இது சோறு இறங்காத கதை.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி மூன்று வருஷம். கான் ஹொய் துறைமுகத்தில் ஒரு பழைய அரிசிக் கிடங்கு. எலி தின்றது போகத்தான் எங்களுக்கு ரேஷன். அதனால் என் வீட்டுக்காரர் லெயோனும் அவருடைய கூட்டாளி இராமகிருஷ்ணனும் இரவில் மூன்று நாய்களோடு அங்கே எலி வேட்டைக்குப் போவார்கள். நான் வாசலில் அரிக்கேன் விளக்கோடு நிற்பேன்.

இராமகிருஷ்ணன் வைத்த சட்டம் இரண்டு. ஒவ்வொரு நாய்க்கும் கழுத்தில் மணி. மணிச் சத்தம் இல்லாத பக்கம்தான் தடியை ஓங்கலாம். வெளியே வந்ததும் நாய்களை எண்ணவேண்டும். ஒன்று குறைந்தால் திரும்ப உள்ளே போகக் கூடாது, விடியும்வரை வாசலிலிருந்தே கூப்பிடவேண்டும்.

ஒரு நாள் இரண்டுதான் வந்தன. பிஜு வரவில்லை. லெயோன் தன் பங்குச் சோற்றை ஊட்டி வளர்த்த நாய்.

உள்ளே, பலகைத் தரைக்கு அடியில், மணி கேட்டது.

"மாட்டிக்கிச்சு போல," என்றார் லெயோன்.

"விடியட்டும்டா. நாய்க்கு இருக்குற பொறுமைகூட உனக்கு இல்ல," என்றார் இராமகிருஷ்ணன்.

லெயோன் கேட்கவில்லை. இராமகிருஷ்ணன் திட்டிக்கொண்டே அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் விளக்கோடு பின்னால் போனேன். புழுத்த அரிசியும் எலி மூத்திரமும் ஊறிய நாற்றம். காலடியில் ஏதோ நசுங்கியது. நான் குனிந்து பார்க்கவில்லை.

லெயோன் குப்புறப் படுத்து, உடைந்த பலகை வழியே தோள்வரை கையை விட்டார்.

மணி நின்றது.

"கழுத்துப் பட்டை ஆப்டுச்சு," என்றார். பிறகு என்னிடம் குரலை இறக்கிச் சொன்னார். "ஜோசெட், இதுக்கு முடியே இல்ல. வழவழன்னு இருக்கு. என் விரல சப்புது."

வாசலில் ஒரு நாய் சிணுங்கியது. திரும்பினேன்.

பிஜு. பின்சந்து வழியாகச் சுற்றி வந்து இராமகிருஷ்ணன் காலடியில் நின்றது.

கழுத்தில் மணி இல்லை.

"இழுங்கண்ணே," என்றேன்.

இழுத்தார். கை வெளியே வந்தது. முழங்கைக்கு மேல்வரை சளிபோல வெள்ளையாய் வழிந்தது. அதில் எலிமயிர், பாதி செரித்த அரிசி. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

எலுமிச்சை, சாம்பல், மண்ணெண்ணெய், எதற்கும் அந்த நாற்றம் போகவில்லை. சாகும்வரை அவர் அந்தக் கையால் சாப்பிடவில்லை.

கிடங்கை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நானும் வீடு மாறி வந்துவிட்டேன். நேற்று அரிசிப் பானையில் கை விட்டேன். அடியில் ஈரமாய் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன்.

நாய் மணி.

உங்கள் வீட்டு அரிசிப் பானைகள் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. கை விடும்போது அதில் அரிசி மட்டும் இருக்கட்டும்.