காலி வீட்டு முறை

நிறுத்தும் பொத்தானைக் கைபேசியில் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே அவள் தெருவைக் கடந்து ஓடினாள். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் கணவனுடையது. எதிரே, யாரும் குடியில்லாத வீட்டின் மாடியிலிருந்து அவளுடைய குரல் இன்னமும் பேசிக்கொண்டிருந்தது.

“குட்டி, தண்ணி குடிச்சியா?”

சின்ன இடைவெளி. தட்டு வைக்கும் ஓசை.

“சரி, வா. சாப்பிடலாம்.”

பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இத்தனை நாளும் மூடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்குக் கைபேசித் திரையில், கருவி இணைப்பில் இல்லை என்று சிவப்பாக ஒரு வரி. இணைப்பில் இல்லாதது எப்படிப் பேசும்? சிக்னல் கோளாறாக இருக்கும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். இப்போது யோசிக்க நேரமில்லை. குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி சார், வெளியூரிலிருக்கும் மகள் வீட்டிலிருந்து திரும்பிவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காலி வீட்டைப் பார்க்க வருவதாகக் குடியிருப்போர் குழுவில் செய்தி போட்டிருந்தார். அதற்குள் ஸ்பீக்கரை எடுத்துவிட வேண்டும்.

கிளம்பும்போது குட்டியின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “இங்கேயே இரு. அம்மா இதோ வந்துடறேன்” என்று சொல்லியிருந்தாள். குட்டி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வண்ணப் பென்சில்களுக்குள் மறுபடி மூழ்கிவிட்டாள். ஆறு வயதுக்கு ரொம்பவே சமர்த்து.

இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் செகரட்டரி சார் சங்கத்தின் விதிகளை வரவேற்பறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். குப்பைத் தொட்டியை இருட்டுவதற்குள் உள்ளே இழுத்துவிட வேண்டும். பால்கனியில் துணி காயக் கூடாது. எல்லாச் சுவருக்கும் ஒரே வெளிர் மஞ்சள். “தும்மறதுக்கும் இவர்கிட்ட கையெழுத்து வாங்கணும் போலிருக்கே” என்று கணவன் அவள் காதோரம் முணுமுணுத்தான். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசி விதிதான் விநோதம். எதிரே காலியாகக் கிடக்கும் வீட்டுக்குள் தினமும் மாலையில், முறைவைத்து, ஏதாவது ஒரு குடும்பத்திலிருந்து ஆள் போக வேண்டும். விளக்கைப் போட்டு, கொஞ்ச நேரம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வர வேண்டும். வீடு காலி என்று வெளியே தெரிந்தால் திருடன் வருவான், தெருவின் மதிப்பு போய்விடும். அதுவரை நியாயம்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார்: ஒரு நாள் போனவர்கள் மறுநாள் போகவே கூடாது. யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் சரி, யார் கெஞ்சினாலும் சரி.

“ஏன் சார்?” என்று கேட்டாள்.

“விதின்னா விதிதாம்மா” என்றவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அவள் முறை வந்த நாளில் கணவன் வேலையாகக் கடல் கடந்து போயிருந்தான். அவளுக்கோ கிளினிக்கில் கூட்டம். காது மந்தமானவர்களைச் சோதித்து, கருவி பொருத்தி அனுப்புகிற வேலை. ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ‘சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க’ என்று சொல்லிவிட்டு, வெளியிலிருந்து மெல்லிய விசில் ஓசையை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவாள். ஒலியோடு பிழைப்பு நடத்துகிறவளுக்குக் குறுக்கு வழி தோன்றுவதற்குக் கேட்கவா வேண்டும்? ஒரு குடும்பத்தின் சாயங்காலத்தையே பதிவு செய்தாள். பாத்திரம் கழுவும் ஓசை, கணவனின் பழைய குரல் செய்தியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சிரிப்பு, இல்லாத மேஜைக்கு அவள் குட்டியைச் சாப்பிடக் கூப்பிடுவது. குட்டியின் குரல் அதில் இல்லை. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே, பதில் வருகிற அளவுக்கு வெறும் இடைவெளி மட்டும் விட்டிருந்தாள். அந்த இடைவெளிகளைப் பதிவு செய்து முடிக்க அவளுக்கு நாலைந்து முறை ஆனது. அது வேறு கதை. அந்தப் பதிவோடு ஒரு ஸ்பீக்கரைக் காலி வீட்டு மாடியில் வைத்துவிட்டு, கைபேசியிலிருந்தே அதை இயக்கினாள்.

மறுநாள் ஸ்பீக்கரை எடுக்கப் போனவளை மேலிருந்து பால்கனி அக்கா பிடித்துக்கொண்டாள். தெருவில் எந்தப் பூனை எந்த வீட்டுச் சுவரைத் தாண்டியது என்பதுவரை அத்துப்படியாக வைத்திருக்கிற அண்டை வீட்டுக்காரி.

“அந்தப் பெட்டியை எடுத்துடாதம்மா. இன்னிக்கு எங்க முறை. எனக்கு முட்டி வலி. உன் குரலே பேசிட்டுப் போகட்டும்.”

“அடுத்தடுத்த நாள் கூடாதுன்னு சார் சொன்னாரேக்கா?”

“சார் ஊர்லயா இருக்காரு? சுவத்துக்கு என்ன தெரியப்போகுது, யார் பேசறாங்கன்னு!”

விஷயம் பரவியது. ஒவ்வொரு வீடாகத் தன் முறையை ஸ்பீக்கரின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியானது. அப்படியே ஒரு மாதத்துக்கும் மேலாக, தினமும், அதே குரல்.

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினாள். அது அவளுக்குப் பின்னால் தானாகவே சாத்திக் கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். புகுந்த திருடன் வெளியே போகக் கூடாது என்று சங்கம் செய்த ஏற்பாடு.

மாடிக் குரல் அந்தக் கணமே நின்றது.

பூட்டிக்கிடந்த வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு, தூசியும் பழைய பெயிண்டும் அடைபட்ட காற்றும் கலந்தது. அதை எதிர்பார்த்துதான் மூச்சை இழுத்தாள், ஆனால் வந்தது அது இல்லை, சோப்புப் போட்டுக் குளித்து இன்னும் சரியாகத் துவட்டாத சின்னத் தலையின் ஈர வாசனை. அவள் வீட்டுச் சோப்பு. உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் உடையிலிருந்துதான் வருகிறதாக்கும். ஜன்னல் வழியே வந்த கடைசி வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது. மாடிப்படியின் கைப்பிடி நிழல் அதன்மேல் விலா எலும்புகள்போல வரிவரியாக விழுந்திருந்தது. மாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தானாக எரியும்படி அவள் வைத்ததுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

படி ஏறும்போது எங்கோ ஒரு ரீங்காரம். தண்ணீர் மோட்டார் என்று அவள் காது சட்டென்று வகைப்படுத்தியது. ஒரே சுருதி, தாழ்ந்தது, தொடர்ச்சியானது. இன்னும் நாலு படி ஏறியதும் அது ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

மோட்டார் மூச்சு வாங்காது.

கடைசிப் படிக்கு வந்தபோது ரீங்காரம் இல்லை. முன்னறை அலமாரியில் ஸ்பீக்கர் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. சாவிக்கொத்தை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். ஐஸ்போலச் சில்லென்றிருந்தது. பின்னால் மின்கம்பி செருகப்படாமல் தொங்கியது. அதன் நுனியில் சிலந்தி வலை கட்டி, வலையில் தூசி படிந்திருந்தது. பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு வரவில்லை. செத்துப்போன பெட்டி. இன்றைக்கு நேற்றைக்குச் செத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இத்தனை நாளாக...

பின்னறையில், இருட்டில், அவளுடைய குரல் கேட்டது.

“குட்டி, தண்ணி குடிச்சியா?”

ஸ்பீக்கரில் வரும் குரலுக்கு உதடு பிரியும் ஈரச் சத்தம் கிடையாது. இதற்கு இருந்தது. சொல் முடிந்ததும் மூச்சு இருந்தது. யாரோ ஒருவர் நின்றுகொண்டு, தொண்டையால், அவளாகப் பேசுகிறார்.

பிறகு அந்த இடைவெளி. அவள் வெறுமையாக விட்டிருந்த இடைவெளி.

“குடிச்சேம்மா.”

குழந்தைக் குரல். கொஞ்சம் கரகரப்பாக, கடைசி எழுத்தை இழுத்து.

இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்ததில் ஸ்பீக்கர் நழுவிக் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. செகரட்டரி சார்.

“அம்மா, பால்கனி வீட்டம்மா இப்பதான் சொன்னாங்க. ஒரே குரலாமே? தினமும் உங்க குரலேவா?”

“சார்...” அவளுக்கு மூச்சுதான் வந்தது. “சார், இங்க யாரோ இருக்காங்க.”

“உள்ளயா இருக்கீங்க? ஐயோ! முதல்ல வெளிய வாங்க. பதில் பேசாதீங்க. என்ன கேட்டாலும் பதில் பேசாதீங்க.”

“யார் சார் அது?”

“யாருன்னு தெரிஞ்சா பேர் சொல்லிடமாட்டேனா? எங்க வீட்டுக்காரி நல்லா பாடுவா. அடுத்தவங்க முறையையும் சேத்து, தினம் நானும் அவளும்தான் அங்க போய் உக்காந்து பேசுவோம். ஒருநாள் அவ குரல்ல என்னைக் கூப்பிட்டுது. நான் போகல. என் குரல்ல அவளைக் கூப்பிட்டுது.” அவர் குரல் உடைந்தது. “அவ போனா. அதுக்கப்புறம்தாம்மா அந்த விதி.”

பின்னறையில் ரீங்காரம் மறுபடி தொடங்கியது. மெதுவாக, இனிமையாக.

“குழந்தை எங்க?” என்று அவர் கேட்டார்.

“வீட்டுல. சார், அவ வரமாட்டா. என்ன கூப்பிட்டாலும் வரமாட்டா. உங்களுக்கே தெரியுமே.”

எதிர்முனையில் அவர் கதவைத் திறக்கும் ஓசை.

“தெரியும்மா” என்றார். “ஆனா அதை நம்பி நிக்காதீங்க. நான் ஓடி வரேன்.”

விளக்கு அணைந்தது.

அவள் ஓடினாள். கைப்பிடியைப் பற்றி, படி தவறி, முழங்கால் இடித்து, எழுந்து. பின்னால் யாரும் துரத்தவில்லை. அவசரப்படாத ஏதோ ஒன்று, அறைக் கதவைத் திறந்து வெளியே வருகிற ஓசை மட்டும். கதவுக்கு வந்தாள். பிடியைத் திருகினாள். திரும்பவில்லை.

சாவி.

அலமாரியில்.

கதவோரத்து நீளக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இழுத்து வைக்கப்பட்ட குப்பைத் தொட்டிகள். ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் வீடுகள். தெருமுனையில் செகரட்டரி சாரின் டார்ச் வெளிச்சம், தள்ளாடித் தள்ளாடி, இன்னும் எவ்வளவோ தூரத்தில். எதிரே அவள் வீட்டு ஜன்னலில் குட்டியின் குனிந்த தலை. பென்சில் அசைகிறது. வரைகிறாள்.

வரமாட்டாள். அந்த ஒன்று மட்டும் நிச்சயம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள்.

மேலே, ஜன்னலைத் திறக்கும் சத்தம்.

“குட்டி.”

அவளுடைய குரல். சத்தமாகக்கூட இல்லை. அருகில் இருப்பவளிடம் பேசுவதுபோல.

பென்சில் நின்றது.

குட்டி தலையைத் தூக்கினாள்.

இல்லை. தற்செயல். கழுத்து வலித்திருக்கும். பூச்சி ஏதாவது.

“குட்டி, வா. சாப்பிடலாம்.”

நாற்காலி காலியானது. வீட்டு வாசல் திறந்தது. வெறும் காலோடு குட்டி படியிறங்கி வந்தாள், மாடி ஜன்னலையே பார்த்தபடி. அவள் முகத்தில் அம்மா இதுவரை பார்த்தேயிராத ஒரு வியப்பு.

அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். “வராத! குட்டி, வராத! உள்ள போ!” தொண்டை கிழியக் கத்தினாள். பால்கனி அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. தெருமுனை நாய் ஊளையிட்டது. குட்டி திரும்பவில்லை. கண் இமைகூட அசையவில்லை. அம்மா சைகை காட்டினாள். வராதே, போ, போ என்று விரல்கள் பறந்தன. இருட்டுக்குள் இருக்கும் கைகளை வெளியிலிருந்து யார் பார்ப்பார்கள்? சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. மறுபடி தட்டினாள்.

பின்னால், மாடிப்படியில், சாவிக்கொத்து மெல்லக் குலுங்கியது. ஒரு படி. இன்னொரு படி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. குட்டி நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காத குழந்தை. கருவி பொருத்தக்கூட வழியில்லாத காது. ஊரார் காதையெல்லாம் திறந்துவிட்ட அம்மா தன் மகளை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் யாருமில்லாத கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்டா கையைத் தூக்கு என்று சைகை காட்டிவிட்டு, ஒலியைக் கூட்டிக் கூட்டி, கடைசிவரை கூட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்து நின்றிருக்கிறாள். குட்டியின் கை மடியிலேயே கிடக்கும்.

“குட்டி!” என்று கண்ணாடியில் வாய் வைத்து அலறினாள்.

குட்டி அசையவில்லை.

அம்மாவின் பிடரிக்குப் பின்னால், மூச்சுச் சூடு படும் தூரத்தில், அவளுடைய குரல் மெதுவாகச் சொன்னது.

“குட்டி.”

தெருவிளக்கின் கீழே, சிரித்த முகத்தோடு, குட்டி வலது கையைத் தூக்கினாள்.