முந்திச் சிரிக்கிறவன்

அம்சம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வலங்கைமானுக்குக் கிழக்கே, அறுத்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே நின்றது மீரா உசேன் ராவுத்தரின் டூரிங் டாக்கீஸ். படம் பார்க்க வருகிறவர்கள் ஆளாளுக்கு மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். குவிக்கத் தெரிந்த மகராசர்களுக்குக் கலைக்கத் தெரியாது. அதைத் தள்ளிச் சமப்படுத்துவதுதான் அவள் வேலை. இன்றோடு அதுவும் முடிந்தது. விடிந்தால் தம்பி வைரக்கண்ணு வந்துவிடுவான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை பேசி வைத்திருந்தான்.

போவதற்கு அவளுக்கு மனசே இல்லை. புருசன் முருகையன் திரும்பி வந்தால், பூட்டிய குடிசையைப் பார்த்துவிட்டு அவளை எங்கே போய்த் தேடுவான்?

தை அறுப்பில் காணாமல் போனவன் அவன். ஆட்சி மாறிவிட்டது, கூலிக்குச் சட்டம் வரப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. களத்தில் கூலி நெல் அளக்கிற பண்ணையின் மரக்கால் மட்டும் மாறுவேனா என்றது. ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அடிதடி நடந்த அன்று, பண்ணை ரைஸ்மில்லின் புகைபோக்கியில் கொடி கட்ட முருகையன் ஏறியதை ஊரே பார்த்தது. அதற்குள் தடியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழே நின்ற அம்சத்தையும் கூட்டம் இழுத்துக்கொண்டு ஓடியது. அவன் இறங்கியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்றது பண்ணை. தலைமறைவு என்றது போலீஸ். இரண்டையும் அம்சம் நம்பினாள். நம்பாவிட்டால் வேறு ஒன்றை நம்ப வேண்டியிருக்கும், அதை நினைக்க அவளால் ஆகாது.

"அம்சமா? ஸ்பீக்கர் போயிடுச்சும்மா," என்றார் ஆபரேட்டர் ரெங்கசாமி, மிஷின் அறையிலிருந்து. "படம் மட்டும் ஓட்டிப் பாக்கப்போறேன். நம்ம ஏணிக்காரன் ரீலுதான்."

ஏணிக்காரன் ஓர் ஊமைப்பட வெள்ளைக்காரன். நெட்டையாக, கொக்கு மாதிரிக் காலோடு, ஒரு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுவான், தொங்குவான், விழுவான். முகத்தில் மட்டும் எப்போதும் ஒரு யோசனை. ஸ்பீக்கர் மக்கர் செய்யும்போதெல்லாம் ஜனங்களை அமர்த்த ரெங்கசாமி அவனைத்தான் ஓட்டுவார். முருகையனுக்கு அவன்மேல் பைத்தியம்.

"இதுல ஏமாத்து கெடையாதுடி. நெசமாவே குதிக்கிறான். விழுந்தா எந்திரிச்சுத் தூசியத் தட்டிட்டுப் போறான் பாரு!" என்பான். விழுந்தபின் தூசியைத் தட்டிவிட்டுப் போகிற ஏழையை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. படம் முழுக்க மனப்பாடம் என்பதால் அடி விழுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். பக்கத்தில் இருப்பவர்கள் திட்டித் தீர்ப்பார்கள்.

அம்சம் பலகையால் மணலைத் தள்ளிச் சமப்படுத்தி முடிக்கும்போது ரெங்கசாமி தட்டிகளை இறக்கினார். வெளியே கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்ததால் உள்ளே நன்றாகவே இருட்டியது. மிஷின் கடகடத்தது. திரையில் ஏணிக்காரன் நடந்து வந்தான், யாரோ கூப்பிட, நின்றான்.

இன்னும் திரும்பவில்லை. ஏணி இன்னும் யார் மண்டையிலும் படவில்லை.

ஆண்கள் பக்கத்து இருட்டில் ஒரு சிரிப்புக் கேட்டது.

அம்சத்தின் கையிலிருந்த பலகை நழுவியது. "அண்ணே… கேட்டிச்சா?"

"கேட்டுச்சு," என்றார் ரெங்கசாமி. "உள்ள யாருமே இல்லியேம்மா."

"அவருதாண்ணே! இங்கதான் ஒளிஞ்சிருக்காரு. நிறுத்திடாதீங்க!"

சந்தோசத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சிரிப்பு வந்த திக்கில் மணலில் கால் புதைய ஓடினாள். மறுபடி சிரிப்பு. இந்த முறை அவள் தலைக்கு நேராகக் கேட்டது. அவள் சமப்படுத்திய மணலில் அவளுடைய காலடியைத் தவிர வேறு தடமில்லை. எங்கிருந்தோ நெல் அவிக்கிற வாடை வந்தது. கூடவே கருகிய உமி வாடை.

ரைஸ்மில் வாடை.

திரையில் கடைசிக் கட்டம் வந்திருந்தது. மாதாகோவில் கோபுரத்து உச்சியில் ஏணிக்காரன் ஒற்றைக் கையில் தொங்கினான். கீழே நான்கு பேர் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் முருகையன் மணலில் விழுந்து புரள்வான்.

சிரிப்பு வரவில்லை.

ஏணிக்காரன் கையை விட்டான். போர்வையில் வந்து விழுந்தான். தூசியைத் தட்டினான்.

இருட்டில் யாரோ தேம்பினார்கள்.

ரீல் முடிந்து திரை வெளுத்தது. அம்சத்துக்குப் புரிந்துவிட்டது. பம்பாயும் இல்லை, தலைமறைவும் இல்லை; புகைபோக்கியிலிருந்து விழுந்தவன் அந்த மில் அடுப்போடு போய்விட்டான். அன்றைக்குக் கீழே துணி விரிக்க ஒருத்தர் இல்லை. அவளும் இல்லை.

மேலே கித்தான் கூரை ஓரிடத்தில் அமுங்கியது.

பிறகு, ஓரெட்டு தள்ளி இன்னோரிடம்.

பாதங்கள். விரல்கள்கூடத் துணியில் பதிந்தன. தட்டுத் தடுமாறிக் கூரைமேல் நடந்து வந்து, அவள் தலைக்கு நேரே நின்றன. உயரத்திலிருந்து கீழே பார்த்துப் பயந்தவனின் கால்போல அவை நடுங்கின.

"அம்சம், வெளிய வந்துடும்மா," என்று ரெங்கசாமி கிசுகிசுத்தார்.

அவள் வரவில்லை. முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"குதிங்க," என்றாள் மேலே பார்த்து. "இந்தத் தடவ ஓட மாட்டேன்."

கித்தான் சட்டென்று மேலெழும்பிச் சமமானது.

விழுந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கைகள் இரண்டும் வெடுக்கென்று கீழே இழுபட்டன. முழங்கால் மணலில் மோதியது. ரெங்கசாமி ஓடி வந்தார். முந்தானை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டை ஏற்றிய தூளிபோல மணல்வரை தொய்ந்து கிடந்தது. ஒரு முனையை அவர் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. துணி சுட்டது.

"விடிஞ்சா தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிடுறேன்," என்றாள் அம்சம். "இப்ப மெதுவாப் புடிங்கண்ணே. அடிபட்டுக் கெடக்காரு."